ஸ்டெல்லாவும் நானும் ஒரு கிடாரும்

வேலூரிலிருந்து அந்த டிரங்க் கால் வந்தபோது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். செவிலிமேட்டில் ஓர் அரிசிக் கடையின் எண்ணைக் கேட்டார்கள். இணைப்பைக் கொடுத்து, குரல் தெளிவாகப் போகிறதா என்று ஒரு கணம் கவனித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. அன்று விலக முடியவில்லை. "அண்ணே, நான் ஜேம்ஸ் பேசறேன். வூட்டுக்கு ஒரு ஆள அனுப்பி அப்பாகிட்ட சொல்லுங்க. அக்கா போய்ட்டாங்க" என்றது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். கடைக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "எங்க போயிட்டாங்க? இன்னாபா சொல்ற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஜேம்ஸ் அழுதுகொண்டே அதையே இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. பேச்சை நீட்டிக்கலாமா என்று நான் கேட்டாக வேண்டும். கேட்டேன். என் குரலை அவன் கண்டுகொண்டான்.

"வசந்தாக்காவா?" என்றான் ஜேம்ஸ்.

அன்றிலிருந்து அவன் அக்கா ஸ்டெல்லாவைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன். அவள் பார்த்தால் சிரிப்பாள். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது அவளுடைய குணம், என்னுடையது அல்ல. எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். பக்கத்து நாற்காலியில் அவள் முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் நம்முடைய தண்ணீர் டம்ளர் நகர்ந்து போகும்.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது கிடார். நான் ரேடியோவில் ஹவாயன் கிடார் கேட்டு மயங்கியவள். மடியில் படுக்கவைத்து, தந்திகளின் மேல் ஒரு இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது அது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகலாம். ஸ்டெல்லாவுக்கு ஸ்பானிஷ் கிடார்தான் கிடார். நிமிர்த்திப் பிடித்து, இடது கை விரல்களால் தந்திகளை அமுக்கி, வலது கையால் தட்டி, பல சுரங்களை ஒன்றாக எழுப்ப வேண்டும். அதற்குக் கார்டு என்று பெயர். அரக்கோணத்தில் ஒரு ரயில்வே டிரைவரின் மனைவியிடம் விடுமுறை தினங்களில் ரயிலேறிப் போய்ச் சில கார்டுகளைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் போர்டில் செருகி எடுக்கும் வயருக்கும் கார்டு என்றுதான் சொல்வோம். "ஆபீஸ்லயும் கார்டு, வூட்லயும் கார்டு. இன்னா தலையெழுத்துபா இது" என்பாள்.

ஆளுக்கொன்று வாங்க வசதியில்லை. இருவரும் மெட்ராஸ் போய், ஒரு பழைய சாமான் கடையில் பிடித்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸிலேயே சண்டை தொடங்கிவிட்டது. என் வாசிப்புக்குத் தந்திகள் உயரமாக நிற்க வேண்டும், அவளுக்குத் தாழ்வாக. கழுத்தின் முனையில் தந்திகளுக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கட்டையை நுழைத்தால் கிடார் என்னுடையது. உருவினால் அவளுடையது. சுருதியையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். ஆளுக்கு ஒரு வாரம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவள் ஒருமுறையும் முழு வாரம் பொறுத்ததில்லை.

"கிடார் எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

"இன்னிக்கி வியாழக்கிழமைதான் ஆவுது, ஸ்டெல்லா."

"அதுக்கு இன்னா? வாரத்துல பெரிய பாதி முடிஞ்சிருச்சே."

ஒரு சனிக்கிழமை மெல்லிய தந்தி அறுந்துவிட்டது. மாற்றுத் தந்திக்கு மெட்ராஸ் போக வேண்டும். மறுநாள் சர்ச்சில் வாசிக்க வேண்டியவள் அதுவரை காத்திருப்பாளா? பெரிய காஞ்சிபுரத்தில் வாத்தியக் கடைக்குப் போய் வீணைத் தந்தியை வாங்கிவந்தாள். கிடார் தந்தியின் நுனியில் ஒரு சின்னக் குண்டு இருக்கும். அதுதான் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டையில் மாட்டி நிற்கும். வீணைத் தந்திக்கு அது கிடையாது. ஸ்டெல்லா ஒரு சட்டைப் பொத்தானில் தந்தியை முறுக்கிக் கட்டி உள்ளே செருகிவிட்டாள். கச்சிதமாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்தபோது அவளுடைய அப்பா முதல் வரிசையில், கழுத்தருகே ஊக்கு குத்திய சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

இனி எழுதப்போவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். என் வீட்டிலிருந்து திரும்பிப் போன கிடாரின் முதுகுப் பலகை ஒரு மழைக்காலத்தில் விளிம்போரம் விட்டுக்கொண்டது. கழுத்தும் லேசாக முன்னால் சாய்ந்துவிட்டது. ஸ்டெல்லா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். "மஞ்சத்தண்ணி வாசன வருது" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் குடும்பம் வாலாஜாபாத் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். அவளுடைய தாத்தா அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு இறங்கியவர். அவள் வீட்டிலிருந்து கிடார் வரும்போதெல்லாம், நான் டியூட்டிக்குப் போனபிறகு, என் அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துத்தான் உள்ளே வைத்திருக்கிறார்.

நான் அம்மாவிடம் பேசுகிறேன் என்றேன். "நீ பேசுவ, எப்ப பேசுவ?" என்று கிடாரை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். அம்மா கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா நிலைப்படியில் நின்று கிடாரைத் திருப்பி, பிளந்த விளிம்பைக் காட்டினாள்.

"அம்மா, மரத்துக்குத் தண்ணி ஆவாது. பசை விட்டுடும், பாருங்க."

"தூசியா இருந்துச்சு, அதான் தொடச்சேன்மா" என்றார் அம்மா, நிமிராமல்.

ஸ்டெல்லா கிடாரை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். "தூசி என் கையிலதான இருக்குது? கழுவணும்னா இதக் கழுவுங்க. நான் நிக்கறேன். கிடாரக் கழுவாதீங்க."

முறம் நின்றுவிட்டது. அம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் அந்த விரல்கள் அசையாமல் இருந்ததை நான் பார்த்தது அப்போதுதான். கடைசியில் அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கைகளை இறக்கிக்கொண்டு, "டியூட்டிக்கு நேரமாச்சு, வா" என்றாள்.

பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அம்மா அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. ஸ்டெல்லா மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அன்று மாலையே அவளிடம் சொன்னேன்: "வாரக் கணக்கு இனிமே வேணாம். கிடார் உன் வூட்லயே இருக்கட்டும். நான் வர்றேன்." போனேன். அவள் வீட்டில் வாசித்தேன், சாப்பிட்டேன், அவளுடைய அப்பாவிடம் சுருதி பற்றி வாதம் செய்தேன். எங்கே போகிறாய் என்று என் வீட்டில் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னேன். அம்மா பல வாரம் என் தட்டில் பேசாமல் சோறு போட்டார்.

கழுத்து சாய்ந்த கிடாரில் தந்திகள் எட்டாத உயரத்தில் நின்றன. இந்த இடத்தில் ரங்கநாதன் வந்து சேர்கிறார். பட்டுக்கடைக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. எங்கள் ஊரில் அப்போது எலக்ட்ரிக் கிடார் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். வாசிப்பதைவிட வயர் மாற்றுவதில் அவருக்கு ஆர்வம் அதிகம். பழைய வால்வு ரேடியோவைக் கழற்றி அதையே ஆம்ப்ளிஃபையர் ஆக்கிக்கொண்டவர். அவர் எங்கள் கிடாரை ஒரு தச்சரிடம் கொடுத்து ஒட்டி வாங்கித் தந்தார். "பிரிட்ஜ் மேல இருக்குற எலும்புத் துண்ட மட்டும் கொஞ்சூண்டு ராவணும் ஸ்டெல்லாம்மா. இன்னிக்கி கொஞ்சம், மாட்டிப் பாக்கணும், நாளைக்கி கொஞ்சம். அவசரப்படக் கூடாது" என்றார்.

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. ஸ்டெல்லா அரத்தை எடுத்து ஒரே உட்காரலில் ராவித் தள்ளிவிட்டாள். மாட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தந்தியும் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் உரசி, தகரத்தில் ஈ மாட்டியதுபோல் இரைந்தது. அதற்குமேல் அந்தக் கிடாரைச் செய்ய ஒன்றுதான் பாக்கி: உலோகக் கட்டையை நுழைத்துத் தந்திகளை உயர்த்தி, நிரந்தரமாக மடியில் படுக்கவைப்பது. "ஜெயிச்சிட்டபா நீ" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு வேறு கிடார் கிடைக்கும்வரை நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரங்கநாதன் தன்னுடையதை இரவல் தர வந்தும் தொடமாட்டேன் என்றாள். பிறகு ஒரு சம்பள நாளில் ஒருவரிடமும் சொல்லாமல் மெட்ராஸ் போய், கையில் புதுக் கிடாரோடு வந்து இறங்கினாள். அன்றுதான் முதன்முறையாக நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாசித்தோம். அவளுடைய தட்டின் மேல் என் இழைப்பு போய் உட்கார்ந்தபோது இருவரும் வாசிப்பை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாலாஜாபாத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு மூவரும் போனோம். மாலை வெயில், மைதானம் நிறையக் கூட்டம். ரங்கநாதன் மூட்டை மூட்டையாக வயர் கொண்டுவந்து மேடையில் பரப்பினார். முதல் பாட்டின் நடுவே கரண்ட் போய்விட்டது. அவருடைய கிடார் ஊமையாகிவிட்டது, மைக்கும் போய்விட்டது. கூட்டம் கூச்சலிடத் தொடங்கியது. தலைமையாசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "கரண்ட் போனா இன்னாபா? கைக்குமா கரண்ட் வேணும்?" என்று கேட்டுக்கொண்டே மேடையிலிருந்து கீழே குதித்தாள். கூட்டத்துக்குள் நடந்து நடந்து தட்டினாள். அவள் போன பக்கம் கைத்தட்டலும் கூடவே போனது. மேடையில் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ரங்கநாதன் தன் வயர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவோ அடுத்த விழா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவைத்திருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. சென்ற ஆண்டு ஒரு காலை, போர்டில் இருக்கும்போதே இடது கையிலிருந்த கார்டு நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. கெட்ட வால்விலிருந்து ரத்தக் கட்டி மூளைக்குப் போனதால் வந்த பக்கவாதம் என்றார்கள். நடை கொஞ்சம் திரும்பியது, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் மடியில் கிடந்தது.

அவள் வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. ஆனாலும் போனேன். ஏதாவது வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"உன் அழுவாச்சி கிடார நான் கேக்கல. என்னுத எடு" என்றாள். எடுத்து அவள் மடியில் வைத்தேன். "பக்கத்துல உக்காரு. இடது கைய கழுத்துல வை. நீ அமுக்கு, நான் தட்டறேன்."

எனக்குக் கார்டு வராது என்று அவளுக்குத் தெரியும். அத்தனை வருடங்களில் நான் அதைக் கற்றுக்கொள்ள மறுத்துவந்தேன். அவளோ கேட்கவில்லை. ஒவ்வொரு விரலையும் தன் வலது கையால் பிடித்து, எந்தத் தந்தியில் எங்கே என்று வைத்தாள். பிறகு தட்டினாள். அடுத்த கார்டுக்கு என் விரல்கள் வழி தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கை அடுத்த தட்டுக்குப் போய்விட்டது. "கொஞ்சம் நில்லு ஸ்டெல்லா" என்றால், "நான் நிக்க மாட்டேன். நீ வந்து சேரு" என்பாள். திட்டுவாள். நான் அழுதால் அதற்கும் திட்டுவாள். டியூட்டி இல்லாத நாட்களில் எல்லாம் போனேன். ஒரு மாலை, ஒரு முழுப் பாட்டைத் தவறில்லாமல் முடித்தோம். அவளுடைய அப்பாவும் ஜேம்ஸும் கேட்டார்கள். ரங்கநாதன் அன்று ஒரு வயர்கூட எடுத்துவராமல் வெறுங்கையோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் அவளும் அப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், அவள் இதயம் துடிப்பது என் தோளில் தெரிந்தது. தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல், முந்திக்கொண்டு.

வால்வு அறுவைக்காக வேலூருக்குக் கிளம்பியபோது, ஜேம்ஸ் பிடித்திருக்க, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வர்றதுக்குள்ள எஃப் கார்டு சரியா வந்துடணும்" என்றாள். கிடார் பழகியவர்களுக்கு அது தெரியும். ஆள்காட்டி விரல் ஒன்றே எல்லாத் தந்தியையும் குறுக்கே அமுக்க வேண்டும். பழகுகிறவர்கள் பாதிப் பேர் அங்கேதான் கிடாரைக் கீழே வைப்பார்கள். சரி என்றேன். வேறு எதுவும் பேச எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜேம்ஸ் அவளுடைய கிடாரை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன். சர்ச்சில் வாசிக்க அவர்கள் வீட்டில் ஒன்று இருக்க வேண்டும், அது அங்கேதான் இருக்க வேண்டும். டியூட்டி முடிந்ததும் அங்கே போய் அதை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். என்னிடம் அவளுடையதாக இருப்பது இடது கையின் நான்கு விரல் நுனிகளில் அந்த மாதங்களில் தடித்துப்போன தோல் மட்டும்தான். சோறு பிசையும் கை இல்லை என்பதால் மற்றவர்கள் யாரும் கவனிப்பதில்லை. போர்டில் கார்டைப் பிடிக்கும்போது எனக்குத் தெரிகிறது. சில வாரம் வாசிக்காமல் விட்டால் அது உரிந்து, பழையபடி மிருதுவாகிவிடுமாம். அதனால் விடுவதாக இல்லை. எஃப்பில் ஒரு தந்தி இன்னும் பேச மறுக்கிறது.