கோகிலவாணியின் தூக்கம்

என் ஓரகத்தி கோகிலவாணிக்கு நகை என்னைவிடக் கூடுதல். நிறமும் கூடுதல். பிறந்த வீடு பரமத்தி வேலூர். வெற்றிலையும் வாழையுமாகக் காவிரித் தண்ணீர் பாய்கிற பூமி. இதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதே இல்லை. சத்தியமாக இல்லை. நான் வயிறெரிந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அவள் நன்றாகத் தூங்குவாள்.

நன்றாக என்று சொன்னால் போதாது. கல்யாண மண்டபத்தில் மேளக்காரர்களுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்குவாள். பல் பிடுங்கப் போன இடத்தில், உள்ளே ஒருத்தர் கத்திக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சில் தூங்கினாள். ஒரு எழவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே என் தோளில் சாய்ந்தவளை, துக்கம் தாங்காமல் மயங்கிவிட்டாள் என்று நினைத்து இரண்டு பேர் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டாள். எனக்குத்தான் மானம் போயிற்று.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டு வீடு. பின்னால் பொதுவில் ஒரு கோழிப்பண்ணை. மூத்தவர் கந்தப்பன் என் வீட்டுக்காரர். இளையவர் சின்னராஜ் அவள் வீட்டுக்காரர். ராத்திரி அவள் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்கும். அது ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் சுவரைத் தாண்டிக் குறட்டை வரும். நான் இந்தப் பக்கம் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் என்ன செய்கிறாள் என்று கவனித்து நானும் அதையே செய்து பார்த்தேன். அவள் ராத்திரிக்குக் களி சாப்பிட்டால் நானும் களி. அவள் இலவம்பஞ்சில் தலையணை தைத்தால் நானும் தைத்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள் என்று அவள் மகள் நித்யஸ்ரீ வாய்தவறிச் சொன்னாள். நானும் தேய்த்தேன்; பாத்ரூமில் வழுக்கி விழப் பார்த்ததுதான் மிச்சம். இவள் எதையோ மறைக்கிறாள் என்றே எனக்குப் பட்டது. நேராகவே கேட்டேன்.

"படுத்தாத் தூக்கம் வந்துருமுங்க்கா" என்றாள்.

பணக்காரன் பணம் தன்னால் வருகிறது என்று சொல்வதைக் கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

போன தைக்குப் பிறகு எனக்கு நிலைமை மோசமானது. விடிய விடியப் புரண்டுவிட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வெளியேறிக்கொண்டிருந்தது. நான் கரண்டியும் கையுமாக அங்கேயே மரம்போல நின்றிருந்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம், ஆனால் மூக்கு வேலை செய்யும். ஓடிவந்து மூடினார். "நாளைக்கே டாக்டர்கிட்டப் போயிரு புள்ள" என்றார்.

நாமக்கல்லுக்குத் துணையாகக் கோகிலவாணி வந்தாள். டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். தூக்கம் இப்படியே கெட்டால் மாரடைப்பு, பக்கவாதம் எதற்கும் இடம் உண்டு என்றார். பகலில் படுக்காதீங்க, மத்தியானத்துக்கு மேல் டீ காபி வேண்டாம், படுக்கையில் போன் பார்க்காதீங்க, தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து போய் வேறு இடத்தில் சும்மா உட்காருங்க, எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்க என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"ராத்திரி ஏதாச்சும் வேலைக்கு எழுந்திருப்பீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளுக்கு வந்துவிட்டது. நோயாளி நான், தூங்குகிறவள் அவள். என் பட்டுக்கரைச் சேலையில் எச்சில் வேறு. எங்கள் நிறுத்தம் வந்ததும் உலுக்கி எழுப்பி இறக்கினேன். பொறுக்க முடியவில்லை.

"உனக்கு மட்டும் எப்படி வருது? வண்டி ஊரைத் தாண்டிப் போயிருமேன்னு பயமே இல்லியா?" என்று ரோட்டிலேயே கத்தினேன்.

அவள் கொட்டாவி விட்டபடி, "நீங்கதான் முழிச்சிருக்கறீங்களேங்க்கா, எனக்கென்ன பயம்?" என்றாள். "ஊட்டுலயும் அதே கதைதானுங்க. கரண்ட் போனா அக்கா எந்திரிச்சுப் பாத்துக்குவாங்கன்னு நிம்மதியாப் படுத்துருவேன்."

நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். எங்கள் பண்ணையில் புதுக் குஞ்சு இறங்கினால், பல்பு சூட்டில்தான் அவை பிழைக்கும். ராத்திரி கரண்ட் போனால் குளிரிலும் இருட்டிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பதெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துவிடும். உடனே ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. கொழுந்தன் மாதத்தில் பாதி ராத்திரி கேரளாவுக்குக் கோழி லோடு ஓட்டுவார். ஜெனரேட்டர் சாவி கொட்டகை போட்ட நாளிலிருந்து என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. மின்விசிறி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இத்தனை வருடம் படுத்திருக்கிறேன். இவள் மறைத்து வைத்திருந்த மருந்து நான்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தேன். குஞ்சு இறங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"இந்த பேட்ச் உன்னுது" என்றேன்.

"நான் எந்திரிப்பனாங்க்கா?" என்று விழித்தாள்.

"எந்திரிக்காட்டி சின்னராஜுக்கு நீயே பதில் சொல்லு."

அன்று ராத்திரியே கரண்ட் போனது. கை தலையணைக்கு அடியில் போய்த் துழாவியது; சாவி இல்லை. கொட்டகையில் குஞ்சுகளின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே குறட்டை. பண்ணையில் போட்ட பணத்தில் பாதி எங்களுடையது. ஓடிப்போய் அவள் கதவைத் தட்ட உடம்பு துடித்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். 'இப்போதுகூடத் தூங்குகிறாளே பாவி' என்று நினைத்தேன். குஞ்சுகளைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

குறட்டை சட்டென்று நின்றது. கதவு படாரென்று திறந்தது. வாளியை உதைத்தாள், "அய்யோ சாமி" என்றாள், ஓடினாள். ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மறுநாள் கொட்டகையிலிருந்து செத்த குஞ்சுகளை ஒரு பக்கெட்டில் எடுத்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு உடனே தூக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். பல நாள் காதைத் தீட்டிக்கொண்டேதான் கிடந்தேன். டாக்டரம்மா சொன்னபடி எழுந்து அடுப்படியில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். சாயங்கால டீயை விட்டது இருக்கிறதே, அதுதான் பெரிய கொடுமை. கரண்ட் போகும், அவள் கதவு திறக்கும், ஜெனரேட்டர் ஓடும். மெல்ல மெல்ல, அது அவள் வேலை என்று என் உடம்புக்குப் புரிந்தது.

ஒரு நாள் கண் விழித்தபோது வெயில் காலில் சுட்டது. என் வீட்டுக்காரர் தானே போட்ட காபியோடு கட்டிலருகில் நின்றார். ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனதாம். எனக்குத் தெரியவே தெரியாது. அழுகை வந்துவிட்டது.

முகம் கழுவப் பின்பக்கம் போனேன். கோகிலவாணி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"அக்காவுக்கு நல்ல தூக்கம் போலிருக்குதுங்க" என்றாள். சிரிப்பில்லை. "அடுத்த பேட்சுக்கு மாத்திக்கலாமுங்க்கா."

"பாக்கலாம் சாமி" என்றேன்.

குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் என்னையே பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை அளந்து, வயிறெரியப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் நான் அவளைப் பார்த்த பார்வை அது. ஒரு நாளாவது அவள் அதைக் கவனித்திருப்பாளா? எப்படிக் கவனிப்பாள், தூங்கிக்கொண்டல்லவா இருந்தாள்.