டிபன் பாக்ஸில் பதினோரு சாவி

கிராம நிர்வாக அலுவலர் வேலையில் வெள்ளத்தைவிட எனக்குப் பயம், வாட்ஸ்அப் குழுவில் வரும் "நிலவரம் என்ன?" என்ற கேள்விதான். ஐந்து நிமிடம் தாமதித்தால் தாலுகா ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும்.

அன்று மேற்கு மலையில் விடிந்ததிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு கரையைத் தொட்டுவிட்டது. ஆற்றங்கரைத் தெருவில் பதினோரு வீடு. பள்ளிக்கூட முகாமுக்கு வரச்சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினேன். முகாமுக்கு வருகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். களவு போனால் நான் பொறுப்பாம்! நானும் என் டிபன் பாக்ஸில் வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

ஒற்றை மாட்டை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் அக்கா ஒருவர் கடைசியாக வந்தார்.

"மாட்டையும் இங்கன கொண்டாந்து கட்டிக்கிடவா சார்?"

"பிள்ளைக படிக்கிற இடம்க்கா. நாறிப்போகும். வேணாம்."

"அப்ப அத அவுத்து மேட்டுல கட்டிட்டு வாரேன். சாவிய வச்சுக்கங்க."

அவர் போன கையோடு குழுவில் கேள்வி வந்தது. எல்லோரும் வந்துவிட்டார்களா? டிபன் பாக்ஸைத் திறந்து எண்ணினேன். பதினொன்று. 'அனைவரும் முகாமில் பாதுகாப்பாக உள்ளனர்' என்று தட்டிவிட்டேன். பதிலுக்கு மூன்று கட்டைவிரல் படம் வந்தது. எங்கள் ஊருக்கென்று பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ரப்பர் படகை அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மதியம் சாம்பார் சாதம் போடும்போது பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார்: "ஏன் சார், பால்காரக்கா எங்க? மாட்டை அவுக்கப் போனாக, இன்னும் காணலையே?"

ஆபீஸுக்குப் போன் போட்டேன். "படகைத் திருப்பி அனுப்புங்க சார், ஒரு ஆள் குறையுது."

"என்னய்யா சொல்ற? எல்லாரும் வந்தாச்சுன்னு நீதான போட்ட? மேல சொல்லியாச்சு. நல்லாத் தேடு, அங்கனதான் இருப்பாக."

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? எழுதியது என் கை.

வாழைத்தார் ஏற்றும் லாரியின் கயிற்றை எடுத்துக்கொண்டு தெருக்காரர்கள் நாலு பேர் என்னோடு ஓடிவந்தார்கள். தெருவில் மார்பளவு தண்ணீர். அக்கா மாட்டுக்கொட்டகையின் தகரத்தின்மேல் தென்னையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். இழுத்து வந்து கரையேற்றியபோதும் ஒரு கையை விரிக்க மறுத்தார். அந்தக் கையில் அறுந்துபோன மாட்டுக்கயிறு இருந்தது.

"செனை மாடு சார்" என்றார். நாலு வசவு வைதிருந்தால்கூட நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

என் அறிக்கையைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகவும் திருத்தவில்லை. சீ, நானெல்லாம் ஒரு அதிகாரி.

அடுத்த மழைக்கு, ஆடுமாடுகளைப் பள்ளி மைதானத்தில் கட்டலாம் என்று முதலிலேயே மைக்கில் சொன்னேன். அந்த அக்காதான் முதலில் வந்தார், மாடில்லாமல், கையில் வீட்டுச் சாவியோடு. பழக்கதோஷம், டிபன் பாக்ஸை நீட்டிவிட்டேன். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும் சார். நீங்க ஆள எண்ணுங்க."

அவரிலிருந்தே எண்ணத் தொடங்கினேன். ஒன்று.