இணைச்சீருக்குப் போன கார்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம். எது கெட்டுப்போனாலும் முதலில் சிரிப்பார். ரேடியோ பாடாவிட்டால் சிரிப்பார், கிணற்று மோட்டார் இறைக்காவிட்டாலும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவார். பாதி தடவை அது சரியாகிவிடும். மீதி தடவை கூடவே இன்னொன்றும் கெட்டுப்போகும். எப்படியானாலும் வெளியாள் கையில் கொடுக்க மாட்டார்.

குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளி நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், சேலத்தில் சவ்வரிசி மில் வைத்திருந்த ஒருவரிடமிருந்து பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கிவந்தார். அவருக்கு முன்பே இரண்டு மூன்று பேர் அதை ஓட்டி அலுத்திருந்தார்கள். வெண்ணந்தூர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த காட்டுக்குக் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. அம்மா மட்டும் கேட்கவில்லை, அவளுக்குக் காரணம் தெரியும்.

அம்மா பிறந்த ஊர் திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் பாய்கிற பூமி. எங்களுடையது மேட்டாங்காடு. கிணறு வற்றினால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மாமனார் வீட்டுக்கு அப்பா பஸ்ஸில் இறங்கி வேர்வையோடு நடந்து போகும்போதெல்லாம், அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் தம்பி, எங்களுக்குச் சின்ன அப்புச்சி, வாசலிலேயே நின்று சத்தமாகச் சொல்வார்:

"மேட்டாங்காட்டு மாப்பிள்ள வந்துட்டாருங்க. கால் களுவறதுக்கு ரெண்டு குடம் தண்ணி சேத்தி வைங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். மோட்டார் கெட்டுப்போனால் சிரிக்கிற அதே சிரிப்பு.

கார் வந்து சில மாதத்தில் முன்பக்கம் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அப்போது பஞ்ச காலம். எங்கள் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைப்பதே பெரிய பாடு. அதில் தினமும் பாதிக் குடம் காருக்குப் போனது அம்மாவுக்குத் தாங்கவில்லை. அவள் தொந்தரவு பொறுக்காமல் அப்பா முதன்முறையாக வண்டியை ராசிபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

"வாட்டர் பம்பு போச்சுங்ணா" என்றார் மெக்கானிக். "உள்ள சீலு தேஞ்சுபோச்சு. பம்ப மாத்திப்போடோணும். இப்படியே ஓட்டுனீங்கன்னா பேரிங்கும் போயிரும். ஃபேன் அதுலதானுங்க மாட்டியிருக்குது. அது ஆட ஆரம்பிச்சா ரேடியேட்டரக் கிளிச்சுப்போடும்."

விலையைக் கேட்டதும் அப்பா சிரித்தார். "ஒரு பம்புக்கா இத்தன? இதுல ரெண்டு வெள்ளாடு புடிக்கலாம்" என்றார். புதுப் பம்பு சேலத்திலிருந்து வரவேண்டும், ரெண்டு மூன்று நாளாகும் என்று சொன்னதும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். பம்பின் அடிப்பக்கத்தில் சிறிய ஓட்டை ஒன்று இருந்தது. தண்ணீர் அதிலிருந்துதான் சொட்டியது. கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்த கை ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்குமா. மோட்டாரில் தண்ணீர் பீறினால் கிரீஸ் தடவிய நூலைச் சுற்றி அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி, நூலைச் சுற்றி, கிரீஸில் முக்கி, அந்த ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். சொட்டுவது நின்றுவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். அவர்களும் குனிந்து பார்த்துவிட்டு, கெட்டிக்காரர்தான் என்றார்கள்.

சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறட்டும் என்று, செய்தவனே தெரிந்து விட்டிருந்த வழிதான் அந்த ஓட்டை. இதை நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து, என் சொந்த வண்டி சொட்டியபோதுதான்.

அந்த மாதத்தில்தான் மாமாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இருந்தால் அவள்தான் இணைச்சீர்க்காரி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் தம்பியோடு நிற்பாள். தம்பி வயிற்றுப் பிள்ளையும் அக்கா வயிற்றுப் பிள்ளையும் நாளைக்குச் சேர வேண்டும் என்பதற்கான சீர் அது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கிடைக்கிற பெரிய மரியாதையும் அதுதான். மாமா பிறந்த நாளிலிருந்தே அம்மா அந்த நாளுக்காகக் காத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. அவளுக்கென்று அவள் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

"ஏனுங்க, நாம பஸ்ஸுலயே போயிறலாமுங்களா?" என்று முதல் நாளே கேட்டாள். அதற்குள் கார் சில்வண்டு மாதிரி கத்த ஆரம்பித்திருந்தது.

"கார ஊட்ல நிறுத்திப்போட்டு பஸ்ஸுல போயி எறங்குனா உங்க சித்தப்பன் என்ன சொல்லுவாரு?" என்றார் அப்பா. அம்மா மறுபடி கேட்கவில்லை. சீர்த்தட்டுகளைத் துணியில் கட்டிக் காரில் ஏற்றினாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். அம்மா பின்சீட்டில் பட்டுச்சேலை கசங்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என் தம்பி அவள் மடியில் தூங்கினான். எனக்கு அப்போதும் சரி, இப்போதும் சரி, ஓர் இடத்தில் உட்கார வராது. ஜன்னலுக்கு ஜன்னல் தாவிக்கொண்டிருந்தேன். திருச்செங்கோட்டு மலை கண்ணில் பட்டதும் ஊர் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் முன்னால் யாரோ தகரத்தை அரிவாளால் வெட்டுவதுபோல ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க ஆவி. கார் ஓரத்தில் போய் நின்றது.

பானெட்டைத் தூக்கினார். ஃபேன் முன்னால் சாய்ந்து ரேடியேட்டரில் வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. அப்பா சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் எதை எதையோ திருகினார். பிறகு அம்மாவிடம் மஞ்சள்தூள் கேட்டார். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போட்டு அடைப்பார்கள், அதுவும் வழக்கம்தான். சீர்த்தட்டிலிருந்த மஞ்சளை அம்மா அப்படியே எடுத்துக் கொடுத்தாள். தண்ணீருக்கு நான் பக்கத்துக் கிணற்றுக்கு ஓடினேன். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மனுசனுக்கே தண்ணியக் காணோம். காருக்கா கேக்கற சாமி?" என்றாள். ஆனாலும் அரைக் குடம் ஊற்றிக் கொடுத்தாள். அப்பா அதை ஊற்ற ஊற்ற, மஞ்சள் தண்ணீர் மறுபக்கமாக ரோட்டில் ஓடி மண்ணில் சுவறியது. அந்தப் பெண் வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. சைக்கிளில் போகிறவர்களையெல்லாம் அம்மா நிறுத்தி மணி கேட்டாள். பொழுது இறங்கியதும் இணைச்சீர். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கல்லை எடுத்து மைல் கல்மேல் எறிந்தேன். எறிய வேண்டாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அப்போது திருச்செங்கோட்டு பஸ் வந்து, கை காட்டாமலே நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, வாரீங்களா? எடம் இருக்குதுங்க" என்றார்.

அப்பா என்ஜினுக்குள் குனிந்தபடியே, "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நீ போ" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அதற்குள் படியில் கால் வைத்துவிட்டேன். அம்மா பஸ்ஸைப் பார்த்தாள். மேற்கே பார்த்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, "நீங்க போங்க. நாங்க வண்டியிலயே வந்துக்கறோம்" என்றாள். பஸ் போய்விட்டது. அம்மாவை எனக்குப் பிடிக்காமல் போன நாள் ஒன்று உண்டென்றால் அது அன்றுதான். அவள் கிட்டே போகாமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கடைசியில் எங்களுக்கு வாய்த்தது, ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் லாரி. எங்கேயோ வடக்கே போர் போட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கிவந்து ரேடியேட்டரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். எந்த ஊர், எந்த வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தார். அந்த ஊர் வரைக்குமே இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிடுவதாகச் சொல்லிக் கயிற்றைக் கட்டினார். லாரிக்குப் பின்னால், அது கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டே போனோம். திருச்செங்கோட்டுக் கடைவீதியில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

ஊருக்குள் இறங்குகிற மேட்டில் அப்பா ஹாரன் அடித்து லாரியை நிறுத்தினார். அங்கிருந்து பந்தல் தெரியும். ரோடு சரிவாகப் பந்தல் வரைக்கும் போகும். "இங்கியே அவுத்துறலாமுங்க" என்றார் டிரைவரிடம். "அட, ஊட்டு வாசல்லயே கொண்டாந்து உடறனுங்க" என்றார் அவர். அப்பா கேட்கவில்லை. இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அப்பா குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கீழே மேளம் கொட்டியது.

அம்மா நிமிர்ந்தாள். அது இணைச்சீர் மேளம் என்று அவளுக்குத் தெரியாதா.

"அம்மா, நாம ஓடிப் போயிறலாமா?" என்றேன். ஓடினால் போய்விடலாம். சத்தியமாகப் போய்விடலாம்.

"அப்பா வரட்டும்" என்றாள்.

அப்பாவின் கைகள் முடிச்சின் மேலேயே நின்றன. ஒரு கணம்தான். மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்க்க ஆரம்பித்தார். லாரி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, பிரேக்கை விட்டார். கார் சரிவில் உருண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் பந்தலுக்கு முன்னால் போய் நின்றது.

சின்ன அப்புச்சி ஓடிவந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங் மாப்பிள்ள, வண்டி சத்தமே காணமுங்களே. பூனையாட்டமல்ல வந்து நிக்குது" என்றார். அந்த வீட்டில் அப்பாவை யாரும் அப்படி மதித்து நான் கேட்டதில்லை.

உள்ளே மாமா மணையில் நின்றிருந்தார். அம்மாவின் பெரியப்பா மகள் ஒருத்தி கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு அவரோடு நின்றாள். சீர் பாதியைத் தாண்டிவிட்டது, இனி ஆளை மாற்றக் கூடாது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். அந்தப் பெரியம்மாவின் கையில் நழுவியிருந்த கொசுவத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, விலகி நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

சீர் முடிந்ததும் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புச்சிதான் முதலில் கேட்டார். "ஏஞ்சாமி, ஒத்தப் பொறந்தவ. இதுக்குமா நேரத்துக்கு வர முடியில?"

"அவரு நேரத்துலயே கெளம்பலாமுன்னுதானுங்கப்பா சொன்னாரு" என்றாள் அம்மா. "நாந்தான் மலையேறிச் சாமி கும்புட்டுட்டுப் போலாமுன்னு பிடிவாதம் புடிச்சுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா தலையைத் தடவுவதுபோல என் காதைப் பிடித்துத் திருகினாள். பள்ளிக்கூடத்து விஷயத்தில் ஒரு சின்னப் பொய் சொன்னதற்கு முந்தின வாரம்தான் அவளிடம் விளக்குமாற்றால் வாங்கியிருந்தேன். இங்கே பந்தல் நடுவில் சாமி பேரைச் சொல்லி இவ்வளவு பெரிய பொய். என்ன நியாயம் இது என்று கொதித்துக்கொண்டு தூணோரம் போய் உட்கார்ந்தேன். தம்பியின் சீரைவிட மலை பெரிதாகப் போய்விட்டதா என்று பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அம்மா சாகிற வரைக்கும் பிறந்த வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. அவளும் ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை.

புதுப் பம்பு, ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் மாற்றி முடிப்பதற்குள் ரெண்டு வெள்ளாட்டுக்குப் பதிலாகக் கறவை மாடே போனது. அதற்கப்புறம் அப்பா காருக்கு அடியில் படுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நான் கோபத்தோடு தூணோரம் உட்கார்ந்திருந்தபோது, பெண்கள் கூட்டத்துக்குள் அப்பா வந்தார். கல்யாண வீட்டில் அந்தப் பக்கம் ஆம்பிளைகள் வர மாட்டார்கள். கையில் ஒரு டம்ளர் காப்பி. நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு முன்னால் குனிந்து, ஆற்றி, கையில் கொடுத்தார். அம்மா நிமிராமல் வாங்கிக் குடித்தாள். அவள் குடித்து முடித்து டம்ளரைத் திரும்பக் கொடுக்கிற வரைக்கும் அப்பா அங்கேயே நின்றார்.

வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனிதர். அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் ஓடினேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.