புகைக்குழாய் பார்த்த திசை

மலேசிய மலையொன்றில் எங்கள் தேயிலை எஸ்டேட். அதன் பழைய லோரி, அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து உர மூட்டைகளோடு மலை ஏறும்போதெல்லாம் நிறுத்தப்பட்டது. டீசல் புகைக்குச் சட்டம் வந்திருந்தது. அதிகாரி ஒருவர் சாம்பல் நிறங்கள் அச்சிட்ட அட்டையை உயர்த்திப் பிடித்து, எங்கள் புகையின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அபராதச் சம்மன்கள் சேர்ந்த பிறகு, எஸ்டேட் மேலாளரான துரை என்னைக் கூப்பிட்டு, எந்த இஞ்சின் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் டிப்ளோமா முடித்து, எஸ்டேட் பட்டறையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் யோசனை ஓடும். முதல் வழி, பழைய இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து, அதற்குள் போகும் டீசலைக் குறைப்பது. புகை குறையும், இழுவையும் குறையும். பாரத்தோடு மேட்டில் நின்றுவிடும். இரண்டாவது, டர்போ இல்லாத பெரிய இஞ்சின். எங்கள் உயரத்தில் காற்று மெலிவு. காற்று போதாமல் எரிகிற டீசல்தான் கறுப்பாக வெளியே வருகிறது. கீழே புகைச் சோதனையில் தேறுகிற இஞ்சின் இங்கே தேறாது. மூன்றாவது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த சிறிய இஞ்சின். விலை அதிகம், பராமரிப்பும் அதிகம், ஆனால் மலையிலும் மூச்சு முட்டாது. மூன்றாவதைச் சொன்னேன். அந்த இஞ்சினோடு புது லோரியே வந்தது. அதற்குப் பிறகு சம்மன் வரவில்லை.

டர்போ வண்டியைக் கிளப்பியதும் ஓட்டக் கூடாது, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும் என்று டிரைவருக்கு நான்தான் சொன்னேன். விடியற்காலையில், கொழுந்து பறிக்கும் பெண்கள் பெயர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களத்தில் லோரி உறுமிக்கொண்டு நிற்கும். குளிருக்கு அதன் புகைக்குழாயைச் சுற்றி நின்று கை காய்வது அவர்கள் வழக்கம். அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான். புது லோரிக்குப் பின்னால் முதல் ஆளாக அவர் நின்றார்.

"வாங்கடி, வந்து காயுங்க. எம்மக பார்த்து வாங்குன இஞ்சின். கரியே இல்ல பாரு, வெள்ள வேட்டிய இதுமேல காயப்போடலாம்."

"துரை பங்களாவுல வெறகு எரிச்சுக் காயுறாங்க. ஒனக்கு ஒம்மக லோரியே எறக்கிக் குடுத்திருக்கு லா!" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"பின்ன? டிப்ளோமான்னா சும்மாவா?"

நான் அருகே போய், "கறுப்பாத் தெரியலன்னா நல்ல காத்துன்னு அர்த்தம் இல்லம்மா. தள்ளி நில்லுங்க" என்றேன்.

"பழைய லோரிக்கே பயப்படல. நீ வாங்குனதுக்கா பயப்படணும்?"

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. பனியாலா புகையாலா என்று எஸ்டேட் மருந்தகத்து டிரசரால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பொறுத்துப் பார்க்க மனமில்லை. ஒரு சனிக்கிழமை, பட்டறையில் குழாயை வெட்டி, டிரைவர் அறைக்குப் பின்னால் நிமிர்த்தி, கூரைக்கு மேலே புகை போகும்படி பற்றவைக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை பெண்கள் வழக்கம்போல வண்டியின் பின்னால் போய்த் தேடினார்கள்.

"என்னாடி இது, சூட்ட வானத்துக்கு அனுப்பிட்டாங்க?"

"மேல இருக்கிறவங்களுக்குத்தான் எப்பவும் சூடு லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா டிரைவரிடம், "யாரு தம்பி செஞ்சது?" என்று கேட்டார்.

"ஒங்க மகதான்க்கா."

அம்மா கைகளை அக்குளில் செருகிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். இரவு சோறு போடும்போது, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், பாப்பா" என்றார்.

"இருமல் நிக்கணும்லம்மா."

"நிக்கட்டும். நீ செஞ்சது சரிதான்."

இருமல் மெல்லக் குறைந்தது. 'எம்மக வாங்குன இஞ்சின்' என்று அவர் பிறகு யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை.

பிறகு நான் ஈப்போ நகரில் வேலைக்குப் போனேன். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது, அம்மா மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் களத்துக்குப் போனேன். லோரிக்குப் பின்னால் யாருமில்லை. பெண்கள் எல்லோரும் எதிரே, தேயிலை காயவைக்கும் அறையின் பக்கவாசலில் கூடியிருந்தார்கள். உள்ளேயிருந்து தேயிலை மணத்தோடு அனல் வந்தது. அந்த வாசல் பட்டறையில் என் பழைய மேசையிலிருந்து பார்த்தால் தெரியும். நான் இருந்தவரை எப்போதும் பூட்டியே இருக்கும். திறக்கச் சொல்லித் துரையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். குழாயை எந்தப் பக்கம் திருப்பலாம் என்றுதான் நான் யோசித்தேன். அவர்கள் எங்கே போய்க் கை காய்வார்கள் என்று யோசிக்கவில்லை.

அம்மா புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணைக் கைபிடித்து முன்னால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"கிட்ட வா புள்ள, கூச்சப்படாத. இது நம்ம ஆபீசுல கணக்கெழுதுற புதுக் கிராணி தெறந்துவிட்ட கதவு. தங்கமான மனுசன்."

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"நீயும் வா, பாப்பா. ஒனக்கும் குளிரும்ல."

போய் அவர் பக்கத்தில் நின்று கைகளை நீட்டினேன். பின்னால் லோரி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.