காளைக்கு எடுத்த ரத்தம்

மகள் ஒரு பையோடு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கெல்லாம் கர்ப்பப்பை வாயில் சோதனை எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஏதோ வைரஸ், கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று சீட்டு வந்தது. அது படுக்கையில் ஒட்டுவது என்று யாரோ சொல்லப்போக, அவள் மாமனார், "கோயம்புத்தூருக்கு ஒண்ணும் போக வேண்டாம், ஊரு சிரிக்கும். கொஞ்ச நாளு உங்கப்பன் ஊட்ல இரு" என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டாராம். அதில் குறை வைக்கவில்லை.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்காமல், "எங்கிருந்து வந்துச்சு சாமி?" என்றுதான் முதலில் கேட்டேன். அவள் பையை வைத்துவிட்டு, தானே தண்ணீர் மொண்டு குடித்தாள்.

மறுநாள் காலையில் இருவரும் நர்ஸம்மாவைப் பார்க்கப் போனோம்.

"இதுல நூறு வகைக்கு மேல இருக்குதுங்க ஐயா. பெரும்பாலும் தானாப் போயிரும். பதினாறு, பதினெட்டுன்னு ரெண்டு நெம்பருதான் ரொம்ப மோசம், விட்டா புத்துநோய்ல கொண்டுபோயி விட்ரும். அம்மணிக்கு அதுல ஒண்ணு இருக்குது, இப்பவே பாத்தாச் சரி பண்ணிப்போடலாம். ஆம்பளைக்கும் வரும், பொம்பளைக்கும் வரும். யாருகிட்ட இருந்து, எந்த வருசம் வந்துச்சுன்னு சொல்லவே முடியாதுங்க."

"அப்ப மாப்பிள்ளைக்கும் சோதனை எடுக்கோணுமுங்களா?"

"ஆம்பளைங்களுக்கு இந்தச் சோதனை கிடையாதுங்க."

வசதியான பிறவிதான்.

கோயம்புத்தூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவளுடைய ஆதார் அட்டை சம்பந்தி வீட்டில் இருந்தது. அதை வாங்கப் போனோம்.

அந்தச் சம்பந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பு நான் காங்கேயம் பூச்சிக்காளை ஒன்று வைத்திருந்தேன். சுற்றுவட்டப் பசுக்கள் எல்லாம் சினைக்கு அதனிடம்தான் வரும். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு. ஒரு வருசம் சம்பந்தியின் பசுக்கள் மூன்று, அடுத்தடுத்து மாதம் நிறையாமலே கன்று வீசின. மனுசன் பசுவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாசலுக்கு வந்து, காளைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். கோபத்தோடுதான் எடுத்தேன். குறை காளையிடம்தான் இருந்தது.

சம்பந்தி களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நிழலில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தாள்.

"ஏனுங்க சம்மந்தி, அன்னைக்குக் காளைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னீங்களே, ஞாவகம் இருக்குதுங்களா?"

"அதுக்கென்னங்க இப்ப?"

"மாட்டுக்கு இருந்த ஞாயம் இந்த ஊட்ல மனுசிக்கு இல்லாமப் போச்சுங்களே."

"மாடும் மனுசனும் ஒண்ணுங்களா? எம்பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க."

"என்ற காளையையும் நானு அப்படித்தானுங்க சொன்னேன்."

கொப்பரை கிளறிக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் சிரிக்கவில்லை.

"போதுமப்பா. ரெண்டு பேரும் என்னைய கட்டுத்தறி மாடாட்டம் நடுவுல நிறுத்தி வெச்சுப் பேசறீங்க." புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்கூடக் கோயம்புத்தூருக்கு வாரீங்களா, இல்லீங்களா?"

நாற்பது வயது ஆம்பளை தன் அப்பன் முகத்தைப் பார்த்தார். அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

கோயம்புத்தூர் பஸ்ஸில், நர்ஸம்மா எழுதிய சீட்டை என்னிடம் கொடுத்தாள். படிக்கத் தெரியாதவன், தலைகீழாகப் பிடித்திருந்தேன் போல. வாங்கி நேராக வைத்தாள்.

"எங்கிருந்து வந்துச்சுன்னு அங்க டாக்டர்கிட்டயும் கேட்டுப்போடாதீங்க" என்றாள்.