‘மற்றவை’ கட்டத்தில் ஒரு பலாமரம்

1. முதல் கதவு

முதல் நாள் முதல் கதவைத் தட்டி, “சார், உயில் எழுதிட்டீங்களா?” என்று கேட்டேன். கதவைத் திறந்தவர் அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்திருந்தார். அது எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும்.

“ஏங்க, உள்ள வாங்க. எமனே ஃபார்மோட வந்து நிக்கிறாரு!”

கதவு சாத்தப்பட்டது. சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கன்வேயர் பெல்ட் பராமரித்தவன் நான். எந்தப் பெல்ட்டும் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுபோனதில்லை.

ரிடையர் ஆனதும் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஓயாமல் பேசுகிற உங்களுக்குத் தோதான இடம் என்றாள் என் மனைவி. எங்களைப் போலவே நன்கொடையில் ஓடும் இடங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டு: மந்தாரக்குப்பத்தில் ஒரு முதியோர் இல்லம், முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு மருத்துவ உதவிக் குழு. மூன்று தரப்பும் ஒரே ஆட்களிடம்தான் போய் நிற்போம். வாசலில் மற்றவர் செருப்பைப் பார்த்தால் பேசாமல் திரும்பிவிடுவோம்.

முதியோர் இல்லத்தை நடத்தும் ஃபிலோமினா டீச்சர்தான் எங்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்.

“தனக்கப்புறம் தர்மத்துக்குன்னு நம்ம ஜனங்க ஏதாவது எழுதி வைப்பாங்களா, மாட்டாங்களா? மூணு பேரும் சேர்ந்தே வீடு வீடா ஒரு ஆய்வு நடத்திக் கேட்டுப் பார்ப்போம். பொதுவா வந்திருக்கோம்னு மட்டும் சொல்லணும். ஆய்வு முடியுற வரைக்கும் ‘எங்களுக்கு எழுதுங்க’ன்னு யாரும் வாயத் திறக்கக் கூடாது. ஒருத்தர் திறந்தாலும் அத்தோட கலைச்சிடுவோம்.”

யாரும் என்று சொன்னவர் என்னை மட்டும் பார்த்தார்.

எமன் பட்டம் வாங்கிக்கொண்டு போன அன்று அவரே திருத்தமும் சொன்னார். “உயில்னு ஆரம்பிக்காதீங்க சார். மைன்ஸ் டவுன்ஷிப்புல, தனக்கப்புறம் பணம் யாருக்குன்னு நாமினி ஃபார்ம் எழுதாதவங்க யாரு? ‘உங்க நாமினி யாரு’ன்னு தொடங்குங்க.” மறுநாள் முதல் கதவுகள் திறந்தன. சில வீடுகளில் காபியும் வந்தது.

2. வாயும் சுளையும்

காடாம்புலியூரில் கலியபெருமாள் என்று ஒருவர். மைன்ஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், இப்போது முந்திரி விவசாயி. நான் போனபோது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, பலாமரத்தடியில் பழம் அறுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டில் சுளைகளை வைத்தார். ஃபார்மில் வீடு, நிலம், நகை, டெபாசிட், மற்றவை என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

“இதுல மரம் எங்கங்க?”

“நிலத்துலதாங்க மரம்” என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

“நெலம் பசங்களுக்குங்க. மண்ணு வேற, மரம் வேற. இந்த மரத்த மட்டும் தர்மத்துக்குக் குடுக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருக்கேன். நீங்க எந்த எடத்து ஆளு? சொல்லுங்க, உங்களுக்கே எழுதிடுறேன்.”

அடிமரத்திலிருந்து உச்சிவரை காய்கள். எங்கள் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுத் தட்டு கண்முன் வந்தது. அதில் பழம் என்று ஒன்றைப் பார்ப்பது சுதந்திர தினத்தன்றுதான். பள்ளியின் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் மரம் எங்களுக்கு. ஆனால் மூன்று இடங்களும் மறுபடி செருப்பைப் பார்த்துத் திரும்பும் பிழைப்புக்குப் போய்விடும். என் வாயை எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் இரண்டு சுளைகளை ஒரே நேரத்தில் அதில் திணித்தேன்.

“சொல்லுங்கய்யா!”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“கணக்கெடுக்க நல்ல ஆளப் புடிச்சாங்கய்யா, வாயில்லாத ஆளா!” என்று சிரித்தார். பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நான் மென்றுகொண்டிருந்ததால் அவரே பேச்சைத் தொடர்ந்தார்.

“எங்க ஊரு மைன்ஸுக்குப் போயிடுச்சிங்க. வூட்ட காலி பண்ற அன்னிக்கு எங்க மரத்துப் பழம் ஒண்ண அறுத்து, கொட்டைய மடியில கட்டிக்கினு வந்தேன். அதுதான் இது. ஊரு இருந்த எடத்துல இப்ப மண்ணுகூட இல்ல, வெறும் ஆகாசம். நான் போன பின்னாலயும் எங்க ஊரு யாருக்காவது காய்க்கணும். அவ்ளோதாங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஊர் மண்ணை ஏற்றிப்போன பெல்ட்டில் நானும் ஏதோ ஒரு ரோலரை மாற்றியிருப்பேன். என் பெல்ட் மேல் போன ஊர் என் தலைக்கு மேல் காய்த்துத் தொங்கியது. சுளையை விழுங்கிவிட்டுப் பேனாவை எடுத்தேன். ‘மற்றவை’ கட்டத்தில் ‘பலாமரம் – 1’ என்று எழுதினேன்.

3. கேட்டதும் கேட்காததும்

எல்லா ஃபார்ம்களையும் ஃபிலோமினா டீச்சரின் மேசையில் கொட்டினோம். நாங்கள் யோசித்து யோசித்துப் போட்ட கட்டங்கள் பாதிக்குமேல் காலி. ‘மற்றவை’யில் இடம் போதாமல் ஓரமெல்லாம் எழுத்து. ஒரு தையல் மெஷின். தெருவுக்கே தண்ணீர் கொடுக்கும் ஒரு போர்வெல். ஒரு மாடி ரூம், ‘படிக்கிற பொண்ணு யாராவது தங்கிக்கட்டும்’ என்ற குறிப்போடு.

இதுவரை ஏன் எழுதிவைக்கவில்லை என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக ஒரே பதில்: யாரும் கேக்கல.

டீச்சர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இத்தனை வருஷம் நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம். எங்களுக்காகக் கேட்டோம். அவர்களிடம் ‘உங்களுக்கு என்ன ஆசை’ என்று கேட்டதே இல்லை. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தயங்காமல் கேளுங்கள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளலாம். பலா எல்லா மாதமும் கிடைக்காது.

ஆய்வு முடிந்ததும் மூன்று இடங்களின் பெயர்களையும் ஒரே நோட்டீஸில் போட்டு, நாங்கள் கேட்டுப் போன வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். கலியபெருமாள் அதை வாங்கிக்கொண்டு நேராகப் பத்திரம் எழுதுபவரிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

“அடிமரத்துக் காயி முதியோர் இல்லத்துக்கு. குனிஞ்சே பறிச்சிக்கலாம். உச்சிக் காயி காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூலுக்கு. வாத்தியாருங்க ஏறட்டும். நெழலு மருத்துவக் குழுவுக்கு. அதுல கேம்ப் போட்டுக்கட்டும்.”

பத்திரக்காரரின் பேனா நின்றது. “பெரியவரே, நெழல எப்படிங்க எழுதுறது? அது காலையில ஒரு பக்கம் விழுது, சாயந்தரம் ஒரு பக்கம் விழுது.”

நான் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“நீ எழுதுய்யா” என்றார் கலியபெருமாள். “அது விழ வேண்டிய எடத்துல விழும்.”