யாரை எடுப்பார்கள் என்று கணித்தவன்

1. முதல் நாள்

அமெரிக்காவில் எந்தக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் மார்ச் மாதப் பெரும் போட்டிக்குத் தெரிவாகும் என்று, லண்டனில் ஒரு மேசையில் இருந்து கணிப்பதுதான் நான் பல வருடம் பார்த்த வேலை. அதற்கு முன் ஒரு காப்புறுதிக் கம்பனியில், யாருடைய வீடு எரியக்கூடும் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எரிந்த வீட்டுக்காரர் மட்டும் சமூக ஊடகத்தில் வந்து என்னைத் திட்டியதில்லை.

சேர்ந்த அன்று என்னை மேசையில் இருத்தியவள் அபி. எங்கள் பகுதிக்கு அவள்தான் மேலாளர். லண்டனின் மிட்சம் பகுதியில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகளின் வயது. மற்றவர்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் என்னை "மகேன்" என்பாள். தனியே இருந்தால் தமிழும் "அங்கிளும்" வந்துவிடும்.

"அங்கிள், நீங்கள் பாஸ்கெட்போல் விளையாடியிருக்கிறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. என்ர தங்கச்சி பள்ளிக்கூடத்தில நெட்போல் விளையாடினவள்."

"பெர்ஃபெக்ட். விளையாடின ஆக்கள் எண்டால் தங்களுக்குப் பிடிச்ச டீமைத்தான் உள்ள போடுவினம்."

ஒன்றும் தெரியாததற்காக வேலை கிடைத்தவன் நான். அந்தத் தகுதியைக் கடைசிவரை காப்பாற்றினேன். பந்தை ஒருமுறையும் தொட்டதில்லை.

2. தொழில்

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்நூறுக்கு மேற்பட்ட அணிகளில் அறுபத்தெட்டுக்குத்தான் இடம். தங்கள் பிராந்தியப் போட்டியில் வென்ற அணிகள் நேரே உள்ளே போகும். மீதி இடங்களை ஒரு குழு அறையைப் பூட்டிக்கொண்டு தெரிவு செய்யும். அந்தக் குழு என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் வேலை. எங்கள் கணிப்பை அமெரிக்க இணையத்தளங்கள் வாங்கின. அவர்கள் தூங்கும்போது நாங்கள் கணக்குப் போடுவோம், எழும்பும்போது கணிப்பு தயாராக இருக்கும். லண்டனில் இந்த மேசை இருந்ததற்கு வேறு காரணம் இல்லை.

நிச்சயமாக உள்ளே போகும் அணியை "லொக்" என்போம். உள்ளேயா வெளியேயா என்று தொங்கிக்கொண்டு நிற்கும் அணி "பபிள்". எங்கள் சம்பளமே பபிளில்தான் இருந்தது. லொக்கை யாரும் சொல்லலாம்.

எனக்குப் பக்கத்து மேசையில் ஆலிவர். நல்ல பெடியன். தான் போயே பார்க்காத ஓர் அமெரிக்கக் கல்லூரியின் பெயர் போட்ட உடுப்போடு திரிவான். தான் செய்த மென்பொருள் எதையும் கணித்துவிடும் என்பான். பிழைத்தால் குழுவுக்குப் புத்தியில்லை என்பான். நான் குழுவோடு சண்டை பிடிப்பதில்லை. கோயில் நிர்வாகசபைக் கூட்டங்களில் இருந்து பழகிய எனக்கு, பூட்டிய அறைக்குள் மனிதர் எப்படி முடிவெடுப்பார்கள் என்பது புதினமில்லை. முதலில் ஆளை எடுப்பார்கள், பிறகு காரணத்தைத் தேடுவார்கள். ஓர் அணியை எளிய எதிரிகளோடு விளையாடியது என்று தள்ளிவிட்டு, அதையே செய்த இன்னோர் அணியைத் தொடர்ந்து வென்றது என்று எடுப்பார்கள். இது விளங்கியதால் என் கணிப்பு பெரும்பாலும் பிழைக்கவில்லை.

3. பூல்

ஒரு பெப்ரவரியில் கம்பனி ஆட்குறைப்பை அறிவித்தது. எங்கள் மேசையில் இருவரில் ஒருவர் போக வேண்டும். மனிதவளப் பகுதியில் இருந்து ஒரு பெண் வந்து, "நீங்கள் இருவரும் இப்போது சிலெக்‌ஷன் பூலில் இருக்கிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்று தெரிவு செய்யும் கூட்டம் என்று அர்த்தம். வருடக்கணக்காக மற்றவர்களின் தெரிவைக் கணித்தவர்கள் தாங்களே பபிளுக்குள் விழுந்தோம். ஆலிவர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது. குட்மேய்ஸில் வாங்கிய வீட்டுக்கு வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. இந்த வயதில் புதிதாக யார் என்னை எடுப்பார்கள்?

முறை இதுதான். கணிப்புத் திறமை, முன்முயற்சி, தொடர்பாடல், தலைமைத்துவம் என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை முதலில் நாங்களே எங்களுக்குப் புள்ளி போட வேண்டும். பிறகு அபி போடுவாள். முடிவு, போட்டிக்கான தெரிவு வெளிவந்த பிறகு.

நான் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டேன். என் மனைவி சாந்தி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"என்னப்பா, எல்லாத்துக்கும் மூண்டோ? விசரே உங்களுக்கு?"

"என்னை நானே அஞ்சு எண்டு போட்டால், திமிர் பிடிச்சவன் எண்டு நினைக்க மாட்டாளே?"

"அவள் கூட்டிப் போடாட்டி?"

"அபி எங்கட பிள்ளை. அவளுக்கு விளங்கும். கூட்டித்தான் போடுவாள்."

எங்கள் வளர்ப்பு அப்படி. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்போம். வீட்டுக்காரர் கேட்காமல் ஊற்றித் தருவார். யாரும் புகழ்ந்தால் அப்படி ஒன்றும் இல்லை என்போம். அவர் இன்னும் இரண்டு சொல்லு கூட்டிப் புகழ்வார். மூன்று என்று நான் எழுதினால் ஐந்து என்று வாசிக்க அபிக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்று நம்பினேன். தொழில் மொழியில் அதை "லொக்" என்று குறித்தேன்.

ஆலிவர் தனக்கு எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டான். அதை என்னிடமே சொன்னான். அவனுக்காக நான்தான் வெட்கப்பட்டேன்.

4. தெரிவு

அந்த மார்ச்சில் என் கணிப்பு முன்னெப்போதும் இல்லாதபடி அமைந்தது. ஓர் அணியைத் தவிர எல்லாம் சரி. ஆலிவர் உள்ளே போட்ட பபிள் அணிகளில் பாதி வெளியே நின்றன. அமெரிக்காவில் இருந்து பாராட்டு வந்தது. அடுத்த நாள் நான் சலூனுக்குப் போய்த் தலைமயிர் வெட்டினேன். வேலை நீடிக்கிறது என்று சொல்லக் கூப்பிடும்போது மனிதன் ஒழுங்காக இருக்க வேண்டுமே.

அபி கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. பபிளில் நின்று வெளியே விழுந்த அணிகளின் முகங்களை எத்தனையோ முறை திரையில் பார்த்தவன் நான். அவள் வாயைத் திறக்க முதலே விளங்கிவிட்டது.

"சொறி அங்கிள். ஆலிவரைத்தான் எடுத்திருக்கு."

"என்ர கணிப்பைப் பாத்தனி தானே, பிள்ளை?"

"ஓம். கணிப்புக்கு உங்களுக்கு அஞ்சு தந்தனான். ஆலிவருக்கு மூண்டுதான். ஆனால் மற்ற மூண்டிலயும் நீங்கள் உங்களுக்கு மூண்டு எல்லே போட்டனீங்கள். ஆலிவர் அஞ்சு போட்டவன். ரெண்டு பேற்றையும் நான் மாத்தேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. குரலும் உயர்ந்தது. "ஆராவது தன்னைத் தானே அஞ்சு எண்டு போடுவினமே? நீ தமிழ்ப் பிள்ளை. உனக்கு அது விளங்காதே?"

அவள் உண்மையாகவே திகைத்துப்போனாள்.

"அங்கிள், இந்தக் கட்டிடத்திலேயே பிழைக்காமல் நம்பர் சொல்லுற ஆள் நீங்கள்தான். அப்பிடிப்பட்ட ஆள் தன்னைப் பற்றி மூண்டு எண்டு சொன்னால், நான் எப்பிடி நம்பாமல் விடுறது?"

 பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆலிவர் எழும்பி வந்து கட்டிப்பிடித்து அழுதான். அழுகைக்கும் அவனுக்கு ஐந்து போடலாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்களை நீங்களே குறைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கிறவர்கள்தான் அதை முதலில் நம்புவார்கள்.